கே எந்தக் கட்டத்தில்? ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் தேட ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இலங்கை மலையகத்து ஹட்டனில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் நடை. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. தொண்டை கிழியக் கத்தினாலும் கடைசி வாங்குக்குக் கேட்காது. அந்த நேரத்துக்கென்று தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. கரும்பலகையில் ஐந்து கட்டம் கீறுவேன். பக்கத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து. அந்த எழுத்து எங்காவது வரும் ஐந்தெழுத்துச் சொற்களை மூன்று நிமிடத்தில் கொப்பியில் எழுத வேண்டும். யாரும் வாய் திறக்கத் தேவையில்லை.

முதல் நாள் கே என்று எழுதினேன். நேரம் முடிந்ததும் முன்வரிசைத் தம்பி ஒருவன் கொப்பியை நீட்டினான். நான்கு சொற்கள்: க்ளாஸ், கலர், க்ளீன், கேக்.

"எல்லாத்திலயும் கே இருக்குத்தானே டீச்சர்?"

"எங்க தம்பி? கேக்குல மட்டுந்தான் இருக்கு. அதுவும் நாலெழுத்து."

அவன் சொல் தெரியாத பிள்ளை இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டினால் கே உள்ள சொற்கள் நூறையாவது வாசிப்பான். தெரிந்த சொல்லை உள்ளேயிருந்து எடுத்து வரத்தான் வழி தெரியவில்லை. நான்கு கிழமை கழித்து அதே எழுத்தைக் கொடுத்தபோது இருபத்து மூன்று சொல் எழுதினான். இடையில் புதுச்சொல் ஒன்றுகூட நான் சொல்லித்தரவில்லை. தேடும் முறையை மட்டும்தான் சொன்னேன். அந்த முறைதான் கீழே இருக்கிறது. அதில் பாதி, நாம் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் தூங்கிக்கொண்டே படித்த தமிழ் இலக்கணம்.

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவை

எந்த அகராதி என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் போய் நான் ஒருமுறை மூக்குடைபட்ட கதை பின்னால் வருகிறது.

பெயர்ச்சொல்லில் ஆள் பெயர், ஊர்ப் பெயர் செல்லாது. கண்டி ஊருக்கு ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து, முதலெழுத்து கே. பிள்ளைகள் எப்போதும் முதலில் எழுதுவது அதைத்தான். நான் அடித்துவிடுவேன். சி போட்டு எழுதினால் அது இனிப்பு, அது செல்லும். (இரண்டுக்கும் உறவு இல்லை. ஊர்ப் பெயர் மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. இனிப்பு நம் கற்கண்டுக்குச் சொந்தக்காரன்.)

பன்மைக்காக எஸ் ஒட்டிய சொற்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் சேர்ப்பதில்லை. நாலெழுத்துச் சொல் எது கிடைத்தாலும் வாலில் எஸ் கட்டி ஐந்தாக்கிவிடுவார்கள். புக்ஸ், பேங்ஸ், டெஸ்க்ஸ் என்று பக்கம் நிரம்பும், மூளை வேலை செய்யாது.

படி ஒன்று: காதை மூடிவிட்டுக் கண்ணால் தேடுங்கள்

தமிழில் கேட்டதை எழுதினால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் நம்மைக் குழியில் தள்ளும். நம்முடைய ஒரே க, ஆங்கிலத்தின் கே, சி, க்யூ, ஜி நான்கையும் சுமக்கிறது. அதனால் கே என்றதும் மனம் க ஒலியைத் தேடி ஓடுகிறது, க்ளாஸையும் கலரையும் அள்ளிக்கொண்டு வருகிறது. மறுபக்கம் நைஃப் என்ற சொல்லில் கே முதல் கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒலி இல்லாததால் ஒரு பிள்ளைக்கும் அது ஞாபகம் வருவதில்லை.

இன்னொரு சிக்கல், இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு நாம் பி என்றும் இரண்டுக்கு டி என்றும் சொல்கிறோம். வகுப்பில் நாங்கள் பஸ்-பி, பென்சில்-பி, தேயிலை-டி, டொக்டர்-டி என்று பிரித்துக்கொள்வோம். இங்கேயும் குழப்பம் வரும் இடங்களில் அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் ஒருத்தி "பிளக்" என்றாள். எனக்குக் கரண்டு பிளக்தான் நினைவு வந்தது, அதில் கே இல்லை, நாலெழுத்து வேறு. "இல்ல டீச்சர், அம்மா மலையில செய்யிற பிளக்" என்றாள். கொழுந்து பறிப்பது. பென்சில்-பி, எல், யூ, சி, கே. முழு மதிப்பெண். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான், அதனால்தான் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

படி இரண்டு: நிரை பிடித்துப் போங்கள்

கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிரை. அதை முடிக்காமல் அங்கே ஒரு செடி இங்கே ஒரு செடி என்று தாவினால் கங்காணி சத்தம் போடுவார், கூடையும் நிரம்பாது. சொல் தேடுவதும் அப்படியே. எழுத்தை முதல் கட்டத்தில் வையுங்கள். அங்கே வரக்கூடியதெல்லாம் தீர்ந்த பிறகுதான் இரண்டாம் கட்டம். இப்படி ஐந்து நிரை. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே கேள்வி: இதற்கு முன்னால் யார் நிற்க முடியும்? பின்னால் யார் நிற்க முடியும்?

கே எழுத்தை வைத்தே முழுதாக நடந்து பார்ப்போம்.

முதல் கட்டத்தில் கே நின்றால் பின்னால் வருவது பெரும்பாலும் ஓர் உயிரெழுத்து, இல்லாவிட்டால் என். என் வந்தால் கே ஊமை: நைஃப், நொக், நீல், நோன், குன்றைக் குறிக்கும் நோல். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் இந்தக் கேயை உச்சரித்தார்கள். ஜெர்மன்காரர் முழங்காலை இன்றும் க்னீ என்கிறார்கள். வாய் விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை. உயிரெழுத்துப் பக்கம் வரும் சொற்களில் பாதி வெளிநாட்டு விருந்தாளிகள்: கர்மா, கோஆலா, கயாக், கெபாப். கேக்குப் பின்னால் எச் வந்து நிற்கும் காக்கியும் உண்டு, அதில் கே இரண்டு.

இரண்டாம் கட்டம் வறண்ட நிரை. முன்னால் எஸ் நின்றால் ஸ்கில், ஸ்கர்ட், ஸ்கல், ஸ்கேட். மற்றபடி ஒகாப்பி என்ற ஆப்பிரிக்க விலங்கு. அவ்வளவுதான், நகருங்கள்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு அச்சு இருக்கிறது: மெய், உயிர், கே, இ, கடைசியில் ஆர் அல்லது என். டோக்கன், டேக்கன், ஜோக்கர், பேக்கர், போக்கர். அச்சுக்கு வெளியே கணுக்கால் என்ற பொருளில் வரும் ஆங்கிள். இன்னொன்று நம் வீட்டுச் சொல், பீகோ. பென்சில்-பி, இ, கே, ஓ, இ.

பீகோவை எங்கள் பிள்ளைகள் யாரும் எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) அரைத்துச் சலித்து மூட்டை கட்டும்போது ரகம் பிரிக்கிற பெயர் அது. ஓ.பி., பி.ஓ.பி. என்று மூட்டைமேல் அடிக்கிறார்களே, அந்தப் பென்சில்-பி இந்தப் பீகோதான். மூலம் சீனம். கொழுந்து அரும்பின்மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறித்த சொல். ஓ என்பது ஆரஞ்சு, ஆனால் தோடம்பழத்துக்கும் தேயிலையின் சுவைக்கும் சம்பந்தமில்லை. இப்போது கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்து, தோட்ட ரோட்டோரங்களில் பலகை நட்டிருக்கிறார்கள். பீகோ டிரெயில். இரண்டு சொல்லும் ஐந்தெழுத்து. பலகையைத் தினமும் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் மூன்று நிமிடத்தில் அது கைக்கு வருவதில்லை, ஏனென்றால் மூன்றாம் கட்டத்தில் கேயை வைத்து யாரும் யோசிப்பதில்லை.

நான்காம் ஐந்தாம் கட்டங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும். இங்கேதான் விளைச்சல். நான்காம் கட்டத்தில் கே வந்தால் பின்னால் அநேகமாக இ: ஸ்மோக், ஸ்நேக், ஸ்பைக், ஷேக், ப்ரோக், அவேக். இல்லாவிட்டால் வை: லக்கி, ரிஸ்க்கி, மில்க்கி, ஸ்மோக்கி. ஐந்தாம் கட்டத்தில் வந்தால் முன்னால் அநேகமாக சி: ட்ரக், ப்ரிக், ப்ளாக், ஷொக், ஸ்டிக், செக், ப்ளக்.

எப்போது சி-கே, எப்போது கே-இ? இங்கேதான் தமிழ் படித்த பிள்ளைக்கு வசதி. முன்னாலிருக்கும் உயிர் குறிலாக ஒலித்தால் சி-கே. நெடிலாக ஒலித்தால் கே-இ. ஷொக், ஸ்மோக். ஸ்டிக், ஸ்பைக். ப்ளாக்கையும் ஸ்நேக்கையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். (ப்ளாக்கை நாம் நீட்டித்தான் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அது குறில்.) குறில் நெடில் என்று நான் சொன்னதும், ஆங்கிலப் பாடத்தில் தமிழ் டீச்சர் எப்படி வந்தார் என்பது போல ஒருத்தன் பார்த்தான்.

முன்னால் இன்னொரு மெய் இருந்தால் சி தேவையில்லை. என் வந்தால் ட்ரிங்க், திங்க், தாங்க். ஆர் வந்தால் ஷார்க், ஸ்பார்க், நம் ஒஃபிஸ் கிளாக்கர், அதாவது க்ளார்க். எல் வந்தால் வெண்கட்டி என்ற சோக், காம்பு என்ற ஸ்டோக். இரண்டிலும் எல் பேசாது. எஸ் வந்தால் ஃப்ளாஸ்க், ப்ரிஸ்க். இரண்டு உயிர் சேர்ந்து வந்தாலும் கே தனியாகவே நிற்கும்: ஸ்பீக், க்ரீக், ப்ரூக்.

இந்த நிரையில் ஒரு வேடிக்கை. பஸ்ஸை நிறுத்தும் ப்ரேக், கம்பு முறியும் ப்ரேக். ஒலி ஒன்று, எழுத்துகளும் அதே ஐந்து. ஆனால் முதலாவதில் கே நான்காம் கட்டம், இரண்டாவதில் ஐந்தாம் கட்டம். நடுகழி என்ற ஸ்டேக்கும் இறைச்சித் துண்டு என்ற ஸ்டேக்கும் இதே கூத்து. ஒரு சொல் எழுதினால் இன்னொன்று இலவசம்.

எந்த நிரையில் எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். வேர்டில் என்ற விளையாட்டு முதலில் வந்தபோது விடைகளுக்கென்று வைத்திருந்த பட்டியலில் சுமார் 2,300 பழக்கமான ஐந்தெழுத்துச் சொற்கள். அதில் கே ஐந்தாம் கட்டத்தில் வருவது 110க்கு மேல், நான்காவதில் 50க்கு மேல். முதல் மூன்று கட்டங்களையும் கூட்டினாலே 40 அளவில்தான். ஆக, மூன்று நிமிடம் இருந்தால் வாலிலிருந்து தொடங்குங்கள்.

படி மூன்று: அப்பாயி சொன்ன இஸ்ஸும் உவும்

என் அப்பாயி இஸ்கூல் என்பார், இஸ்டேசன் என்பார். தேயிலைத் தொழிற்சாலை இஸ்டோரு. லயத்துக் காம்பிராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) முன்னால் இருக்கும் திண்ணை இஸ்தோப்பு. சிறுவயதில் சிரித்திருக்கிறேன். இப்போது அதுதான் என் பாடக் குறிப்பு.

தமிழ்ச் சொல் இரண்டு மெய்யை ஒன்றாக முன்னால் நிறுத்தாது. அதனால் நம் நாக்கு ஒரு இகரத்தைப் போட்டு வழி பண்ணிக்கொள்கிறது. அப்பாயி எங்கெல்லாம் இஸ் போட்டாரோ அங்கெல்லாம் ஆங்கிலத்தில் எஸ் ஒரு மெய்யோடு கூட்டுச் சேர்ந்து நிற்கிறது. ஆங்கில ஐந்தெழுத்துச் சொற்களில் மிக அதிகமாக முதலில் நிற்கும் எழுத்து எஸ்தான். அந்த 2,300இல் ஆறில் ஒன்று அளவு. எஸ்-தேயிலை-டி: ஸ்டோர், ஸ்டோன், ஸ்டார்ட், ஸ்டேண்ட். எஸ்-பென்சில்-பி: ஸ்பூன், ஸ்பேஸ். எஸ்-எல்: ஸ்லீப், ஸ்லேட். எஸ்-எம்: ஸ்மைல், ஸ்மால். எஸ்-டபிள்யூ: ஸ்வீட், ஸ்விம் (இது நாலுதான், அடித்துவிடுங்கள்). இஸ்தோப்பும் ஆங்கில அகராதியில் இருக்கிறது, இரண்டு எழுத்துக்கூட்டில். டச்சுக்காரர் இங்கே விட்டுப்போன அதே சொல்லை அமெரிக்கர் ஸ்டூப் என்று இரட்டை ஓ போட்டும், தென்னாப்பிரிக்கர் ஓ-இ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டும் ஐந்தெழுத்து.

வால் பக்கம் அப்பாயி போட்டது உகரம். லைட்டு, பேங்கு, ட்ரக்கு, ரோட்டு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் இந்தக் குட்டி உ. உங்கள் வாயில் உகரம் வரத் துடிக்கும் ஆங்கிலச் சொல் எல்லாம் கே, தேயிலை-டி, டொக்டர்-டி, பென்சில்-பி போன்றவற்றில் முடியும் ஒலி. அதற்குப் பின்னால் ஊமை இ ஒன்று இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழக்கமான ஐந்தெழுத்துச் சொற்களில் கடைசிக் கட்டத்தில் அதிகம் நிற்பது இ, அடுத்தது வை, பிறகு தேயிலை-டி, ஆர்.

மெய்ம்மயக்கம் என்று படித்தோமே, எந்த மெய்க்குப் பின்னால் எந்த மெய் வரலாம் என்று, அதன் ஆங்கிலப் பட்டியல் ஒன்றைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எல் இரண்டாவதாக நின்றால் முன்னால் பஸ்-பி, சி, எஃப், ஜி, பென்சில்-பி, எஸ். ஆர் நின்றால் அதே கூட்டத்தில் எஸ் விலகி இரண்டு டியும், ஊமையாக டபிள்யூவும் சேரும்: எழுதுவது என்ற பொருளில் வரும் ரைட். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

படி நான்கு: முரட்டு எழுத்துகளின் குணம்

முதல் கட்டம் தவிர மற்ற இடங்களில் எச் தனியாகக் கடைக்குப் போகாத பிள்ளை. சி, எஸ், தேயிலை-டி, டபிள்யூ, ஜி, பென்சில்-பி யாராவது கையைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் வரும். ஜோடியாக வருவதால் இரண்டாம் கட்டத்திலும் ஐந்தாம் கட்டத்திலும் குவிந்து கிடக்கிறது: சேர், ஷார்ப், திங்க், வீட் என்ற கோதுமை; பின்னால் பெஞ்ச், டீச், டீத், ஃப்ரெஷ். நடுக்கட்டத்தில் அதர் போன்றவற்றை விரல் விட்டு எண்ணலாம். நடுவில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

வி கடைசிக் கட்டத்தில் நிற்க விரும்பாது. நின்றே ஆக வேண்டுமென்றால் இ ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளும்: ட்ரைவ், லீவ், செர்வ், க்ளவ், அபவ். ஆகவே வி என்றால் முதலில் நான்காம் கட்டம். நம் வகர மெய்யும் இப்படித்தான். தொல்காப்பியக் கணக்கில் வ் என்று முடியும் சொற்கள் நான்கே நான்கு.

ஜே முதல் கட்டத்துக்காரன்: ஜூஸ், ஜோயின்ட், ஜட்ஜ், ஜெலி. நடுவில் மேஜர், என்ஜோய், நிஞ்ஜா, எஜெக்ட். ஜ ஒலியில் முடியும் சொல் எதிலும் ஜேயைத் தேடாதீர்கள், அங்கே ஜி-இ இருக்கும். எக்ஸ் வந்தால் முன்னால் இ வைத்துப் பாருங்கள்: எக்ஸ்ட்ரா, எக்ஸாக்ட், எக்ஸிஸ்ட், தீர்ந்ததும் வாலில் ரிலாக்ஸ், இன்டெக்ஸ். இசட்டுக்கு வால் அச்சு: ப்ரைஸ் என்ற பரிசு, ஃப்ரோஸ், க்ரேஸி. இரட்டையாகப் பீட்சா.

க்யூவுக்கு வருகிறேன். ங் என்றால் அடுத்தது க என்பது போல, க்யூ என்றால் அடுத்தது யூ. அந்தப் பழைய வேர்டில் பட்டியலில் க்யூ உள்ளவை 29. அதில் 23க்கு முதல் கட்டம்: குயீன், குவிக், குவைட், குவெஸ்ட், கோட்டா. ஐந்து இரண்டாம் கட்டத்தில், ஸ்குவாட், ஈக்குவல் போல. நடுவில் ஒன்றே ஒன்று. யூ இல்லாத க்யூ பழக்கச் சொல்லில் வராது என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

ஒரு பாடசாலைப் போட்டிக்கு மூன்று பிள்ளைகளை அழைத்துப் போனேன். டவுன் பக்கத்திலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பிள்ளை நிகாப் என்று எழுதியிருந்தாள். என், ஐ, க்யூ, ஏ, பஸ்-பி. நடுவராக இருந்தவர் யூ இல்லை என்று சிவப்புப் பேனையால் அடித்துவிட்டார். நானும் அப்போது பேசாமல் இருந்துவிட்டேன், எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அகராதியில் அழகாக இருக்கிறது. பக்கத்திலேயே புர்கா, தலாக், ஃபகீர் எல்லாம் யூ ஒட்டாத க்யூவோடு. அவளிடம் அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றாள். எந்த அகராதி என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளச் சொன்னது இதனால்தான்.

படி ஐந்து: ஒளிந்திருக்கும் ஒற்றைச் சொல்லைப் பிடிப்பது

இதுவரை அள்ளுகிற வேலை. வேர்டில் வேறு மாதிரி. ஜோஷ் வார்டில் என்பவர் செய்து 2021 ஒக்டோபரில் பொதுவில் விட்டது, 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் வாங்கியது. ஒரு சொல் ஒளிந்திருக்கும், ஆறு தடவை ஊகிக்கலாம். எழுத்து சரியான கட்டத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் உண்டு ஆனால் கட்டம் தவறு என்றால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். ஐந்து கட்டத்தில் 26 எழுத்தை எப்படி வேண்டுமானாலும் போட்டால் 11,881,376 வகை. பயப்படாதீர்கள், மேலே சொன்ன குணங்கள் அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

என் முதல் ஊகம் எப்போதும் ஸ்லேட். அப்பாயி காலத்துச் சிலேட்டுதான். எஸ், எல், ஏ, தேயிலை-டி, இ ஐந்துமே அடிக்கடி வரும் எழுத்துகள், எஸ் தலையிலும் இ வாலிலும் தத்தம் சொந்த வீட்டில் நிற்கின்றன. இரண்டாவது ஐரனி: ஐ, ஆர், ஓ, என், வை. முதலாவதோடு ஓர் எழுத்துகூட மோதாது. இரண்டு ஊகத்தில் பத்து எழுத்து கணக்குத் தீர்ந்துவிடும்.

ஒருநாள் வகுப்பில் நான் ஒளித்து வைத்த சொல்லை எப்படிப் பிடித்தார்கள் என்று காட்டுகிறேன். ஸ்லேட் போட்டார்கள், இரண்டாம் கட்டத்து எல் பச்சை, மற்ற நான்கும் சாம்பல். ஐரனி போட்டார்கள், ஐந்தும் சாம்பல். பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ சிரிப்பு, ஏனென்றால் சாம்பல்தான் அதிகம் பேசுகிறது. ஏ, இ, ஐ, ஓ, வை எல்லாம் போய்விட்டன. மிச்ச உயிர் யூ மட்டும். எல் இரண்டாவதாக நிற்கிறது, முன்னால் எஸ் இல்லை, ஆகவே இரண்டு பியும் சி, எஃப், ஜியும்தான். யூ மூன்றாம் கட்டம். வாலில் ஆர், என், எஸ், தேயிலை-டி வராது. எழுதிப் பார்த்தால் பழக்கமான சொற்கள் ஏழு: ப்ளஃப், ஃப்ளஃப், ப்ளக், க்ளக், ப்ளம், ப்ளம்ப், க்ளம்ப். ப்ளம் என்பது எம்முக்குப் பின் ஊமையாகப் பஸ்-பி போடுவது. ப்ளம்ப் பென்சில்-பியில் தொடங்கி அதிலேயே முடியும்.

இந்த இடத்தில் மனசுக்குப் பிடித்ததைப் போடுவதுதான் எல்லாரும் செய்வது. அதைவிட, மிச்சமிருப்பவற்றை நன்றாகப் பிரித்துக் காட்டும் சொல்லைத் தேடுங்கள். க்ளம்ப் போட்டால் சி, எம், பென்சில்-பி மூன்றையும் ஒரே அடியில் கேட்டுவிடலாம். மூன்றும் சாம்பல் என்றால் ப்ளஃப் அல்லது ஃப்ளஃப். மற்ற ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறக் கோலம். எங்களுக்கு சி மஞ்சள், பென்சில்-பி மஞ்சள், எம் சாம்பல். அப்படி அமைவது ஒன்றுதான். நான்காம் ஊகத்தில் எழுதினார்கள், அதே ப்ளக். அம்மா மலையில் செய்கிற ப்ளக்.

ஒரு கண்ணி பற்றி எச்சரிக்க வேண்டும். கடைசி நான்கு கட்டமும் ஐ-ஜி-எச்-டி என்று பச்சையாகிவிட்டால் வென்றுவிட்டதாக நினைப்போம். லைட், நைட், ரைட், ஃபைட், சைட், மைட், டைட், எய்ட் என்று எட்டு வீடு ஒரே லயத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு கதவாகத் தட்டினால் ஆறு முறை போய்விடும். ஃபில்ம்ஸ் என்று ஒன்றைப் போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கு கதவும் ஒரே தட்டில் திறந்து பார்த்தாயிற்று. கடினமான முறையை நீங்களே தெரிவு செய்து விளையாடினால் மட்டும் இது அனுமதியில்லை.

படி ஆறு: ஃபோன், பிறகு பலகை

ஒன்லுக் போன்ற அகராதித் தளத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுத் தேடலாம். கே மூன்றாம் கட்டத்தில் வேண்டுமென்றால் இரண்டு கேள்விக்குறி, கே, மறுபடி இரண்டு கேள்விக்குறி. பீகோவும் டோக்கனும் வரும், கூடவே யாரும் கேள்விப்படாத நூறும் வரும். நான் பிள்ளைகளை முதலில் எழுதவிட்டு, நேரம் முடிந்த பிறகுதான் ஃபோனை எடுப்பேன். முதலிலேயே திறந்துவிட்டால் ஒன்றும் தங்காது.

எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் பலகை கிடைத்தால் இதே அறிவு அங்கேயும் செல்லும். 1930களில் அல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் எதற்கு எத்தனை வில்லை என்று தீர்மானித்தார். 100 வில்லையில் இ மட்டும் 12. கே, ஜே, எக்ஸ், க்யூ, இசட் ஒவ்வொன்று. கேக்கு 5 புள்ளி. ப்ளக் வைத்தால் 13, பீகோ 11, குவிக் 20. எங்களிடம் பலகை இல்லை. பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி வில்லை செய்தோம், ஒரு இ தொலைந்துவிட்டதால் 11தான் இருக்கிறது.

அடுத்த கிழமைக்கு நான் கொடுத்திருப்பது எச், ஐந்தாம் கட்டம். நீங்களும் மூன்று நிமிடம் வைத்து எழுதிப் பாருங்கள். இருபது வர வேண்டும். அதில் நான்கு மலையிலேயே கிடக்கின்றன: கான் (வடிகால்) வெட்டினால் வருவது ஒன்று, செடிக்கடியில் மூடாக்குப் போடுவது ஒன்று, புதுக்கொழுந்து தள்ளும் காலத்துக்குச் சொல்வது ஒன்று. நான்காவது, மழைக்காலத்தில் தானாகவே உங்கள் காலில் ஏறும்.